வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு அப்பா

இல்ல தம்பி, போன வெள்ளிக்கிழமை நீங்க வந்தப்ப மணி மூணு இல்ல. மூணு அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பாலைவனத்துலேர்ந்து மண்காத்து ஊதி, வானமே துலக்காத பித்தளைத் தாம்பாளம் மாதிரி கெடந்துது. எதிர்ல நிக்கற கோல் கம்பம் கண்ணுக்குத் தெரியல. ஊர்ல அவனவன் மூக்க மூடிக்கிட்டு ஓடறான். நீங்க என்னடான்னா கோர்ட்டு உத்தரவ பிளாஸ்டிக் உறையில போட்டு, கொடி மாதிரி உசரத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, இந்தப் பக்கம் வக்கீல், அந்தப் பக்கம் போலீஸ்காரர்னு கேட்டுக்குள்ள வர்றீங்க. நாம நடத்தறது இளைஞர் மையமா, கள்ளக்கடத்தல் கிடங்கான்னு எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துடுச்சு.

சரி சரி, மொறைக்காதீங்க. இன்னைக்குத் தனியா வந்திருக்கீங்களே, அதுவே பெரிய முன்னேற்றம். உக்காருங்க. அதுல வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும், போன வாரம்தான் ஒரு சித்தப்பாவக் கவுத்து விட்டுச்சு. இதுல உக்காருங்க, கேட்டப் பார்த்த மாதிரி. ஆமா, முதுகுக்குப் பின்னாடி பொம்மலாட்டக் கூடாரம்தான். இருந்தா இருக்கட்டும், அது உங்கள ஒண்ணும் கேக்காது. அந்தப் பெட்டிய இப்படிக் கீழ வைங்க. அம்மாடி! குவைத்தயே மடிச்சுக் கொண்டு வந்துட்டீங்களா?

சாபிர்! ரெண்டு புதினா டீ. சாருக்குச் சக்கரை தாராளமாப் போடு, அவரு இன்னைக்கு இனிக்கணும்.

மணியா? இப்பத்தான் மூணு ஆகுது. உங்க பொண்ணு வருவாளான்னு மட்டும் என்கிட்டக் கேக்காதீங்க. மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் இது உங்க நேரம், யாரும் புடுங்கிக்கப் போறதில்ல. அந்த ஃபோனக் கொஞ்சம் கவுத்து வைங்க. மூணேகாலுக்குள்ள புள்ள கண்ல படலைன்னா வக்கீலுக்குச் சொல்லிடணும், அதான திட்டம்? தெரியும் தம்பி. இன்னைக்கும் புள்ளையக் காட்டலைன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்க. ஜட்ஜ் ஐயா நெர்மினக் கூப்பிட்டு எச்சரிப்பாரு. அப்புறமும் இதேதான்னா, புள்ளைய அம்மாகிட்டேர்ந்து எடுத்து, கொஞ்ச காலத்துக்கு வேற வீட்டுல விடச் சொல்லுவாரு. நெர்மின் உங்க பழைய பொண்டாட்டி, அவமேல உங்களுக்கு ஆயிரம் கோவம் இருக்கும், நான் நடுவுல வரல. ஆனா வீடு மாறப்போறது நெர்மின் இல்லையே. எட்டு வயசு பஸந்த்துதான் பையத் தூக்கிக்கிட்டுப் போகணும்.

நான் ஏன் இவ்வளவு சத்தமாப் பேசறேன்னு பார்க்கறீங்களா? பழக்கம். இஸ்மாயிலியாவுல பாதிப் புள்ளைங்க என் தொண்டையக் கேட்டு வளர்ந்தவங்க. நான் படிச்சது சமூகப் பணி, கெய்ரோவுல. பட்டம் வாங்கினப்ப உலகத்தயே திருத்தப் போறோம்னு நெனச்சேன். இப்ப வெள்ளிக்கிழமை ஆனா, குடும்ப கோர்ட்டு அனுப்பற அப்பாங்களையும் புள்ளைங்களையும் இந்தத் தோட்டத்துல உக்கார வெச்சு, யாரும் யாரையும் அடிச்சுக்காம பார்த்துக்கறேன். உலகத்தத் திருத்தறதவிட இது கொஞ்சம் கஷ்டம்.

குடிங்க, ஆறிடும்.

இங்க ஒரு பொண்ணு வந்துக்கிட்டிருந்தா, ஜனான்னு பேரு. அம்மா அந்தக் கோடி பெஞ்சு, அப்பா இந்தக் கோடி பெஞ்சு. நேருக்கு நேர் பேச மாட்டாங்க, புள்ளைதான் தூதர். அம்மா சொல்லுவா, போய் உங்கப்பன்கிட்டச் சொல்லு, அந்தச் சட்டையில பலூன் விக்கறவன் மாதிரி இருக்கான்னு. இவ குடுகுடுன்னு ஓடி, அப்பா, உங்க சட்டை ரொம்பக் கலரா இருக்காம், அம்மா சொன்னாங்கன்னுவா. அவரு, போய்ச் சொல்லு, அவ சமையலத் தின்னு செத்துப் பொழச்சவன் நான்னு. இவ திரும்பி ஓடி, அம்மா, அப்பா உங்க சாப்பாட்ட இன்னும் மறக்கலையாம்! எனக்கு நடுவுல உக்காந்து டீ குடிக்க முடியல, மூக்கு வழியா வந்துடுச்சு. ரெண்டு மாசத்துல அந்த மனுஷன் தலைக்கு எண்ணெய் வெச்சு வர ஆரம்பிச்சுட்டாரு, அந்தம்மா ஒரு கிண்ணத்துல அரிசிப் பாயசம் குடுத்தனுப்பறா. எல்லாம் அந்தக் குட்டியோட மொழிபெயர்ப்பு.

சிரிக்கலாம் தம்பி. அதுக்குத் தனியா உத்தரவு வாங்க வேண்டியதில்ல.

அப்புறமா? அப்புறம் ஒருநாள் அவ நேரா என்கிட்ட வந்து, மிஸ், எனக்குக் கால் வலிக்குது, என்னை எப்ப வெளையாட விடுவாங்கன்னு கேட்டா. அன்னைக்கே அந்தத் தூதர் வேலைக்கு முற்றுப்புள்ளி வெச்சேன். அவங்கவங்க வாயால அவங்கவங்க பேசிக்கட்டும்னுட்டேன். பழையபடி சண்டைதான். ஆனா ஜனா ஊஞ்சல்ல இருந்தா.

என்னது, திரை ஆடுதா? காத்தா இருக்கும். ஆமாமா, இன்னைக்கு இலைகூட அசையல. அப்பப் பூனை. இந்த மையத்துல மொத்தம் எத்தனை பூனைன்னு சாபிருக்கே தெரியாது. நீங்க கேட்டப் பாருங்க.

முக்தார் கதை சொல்றேன், கேளுங்க. லாரி ஓட்டறவரு, ஆளு மசூதி மினாரா மாதிரி உசரம். போன மாசம் வசந்தப் பண்டிகை அன்னைக்கு மகனப் பார்க்க வந்தாரு, கையில நாலஞ்சு மடிப்பு பேப்பர்ல ஒரு பொட்டலம். பிரிச்சாரு பாருங்க. ஊற வெச்ச உப்பு மீனு! நல்லா நாறப் போட்ட ஃபெஸீஹ்! ஃபுட்பால் ஆடிக்கிட்டிருந்த பசங்க பந்த அப்படியே விட்டுட்டு ஓடறானுங்க. எதிர்ல உக்காந்திருந்த வேற ஒரு அப்பா, இந்தச் சந்திப்பே வேண்டாம்னு எழுந்துட்டாரு. முக்தாரோட பொண்டாட்டி, அதான் பழைய பொண்டாட்டி, ரெண்டு வருஷமா அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசாதவ, அந்தக் கோடியிலேர்ந்து கத்தறா: யோவ், பச்சை வெங்காயம் கொண்டு வந்தியா, இல்ல அதையும் மறந்துட்டியா? அவரு தலையச் சொறியறாரு. அவ, ஒரு காரியத்தையாவது முழுசாப் பண்ணியிருக்கியான்னு திட்டிக்கிட்டே எழுந்து வந்து, வீட்டுக்கு வாங்கி வெச்சிருந்த வெங்காயக் கட்ட பையிலேர்ந்து எடுத்துப் போட்டா. மறுவாரம் கோர்ட்டுல ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டது வேற விஷயம். ஆனா அன்னைக்கு அந்தப் பையன் ரெண்டு பேர் கையாலயும் சாப்பிட்டான்.

ம்ம், உதட்டோரத்துல ஒண்ணு ஓடுச்சு, பார்த்துட்டேன். அத ஏன் உள்ளயே முழுங்கறீங்க? வெளிய விட்டா யாரு புடிச்சு வெச்சுக்கப் போறாங்க?

பெட்டிய நான் பார்க்கலாமா? நீங்களே திறங்க. அடடா, சாக்லேட்டு, கலர் பென்சிலு, எல்லாம் நல்லா இருக்கு. இந்தச் சிவப்பு கவுன்... இது எத்தனை வயசுக்கு தம்பி? தோள்கிட்டப் புடிச்சுப் பாருங்க. இது அவளோட முழங்கைக்குத்தான் பத்தும்.

சங்கடப்படாதீங்க. வளைகுடாவுலேர்ந்து வர்ற அப்பா எல்லாருமே பண்றதுதான். ஒருத்தர் ஷூ வாங்கிட்டு வந்தாரு, பையனோட ரெண்டு விரலு உள்ள போச்சு, மத்தது வெளிய நின்னுடுச்சு. நீங்க போறப்ப அவளுக்கு அஞ்சு. நீங்க அங்க ஏசி மாட்டிக்கிட்டிருந்த மூணு வருஷத்துல, அப்பா வந்ததும் வளரலாம்னு அவ நிறுத்தியா வைக்க முடியும்? முன்பல்லு விழுந்து புதுசு வந்துடுச்சு. கத்திரிக்காய் பிடிக்காது. இடது கையால எழுதுவா, டீச்சர் திட்டினா வலது கைக்கு மாத்திட்டு, டீச்சர் திரும்பினதும் மறுபடி இடது. உங்க கை? ஓ, நீங்களும் இடதா! டீ கிளாஸ அந்தக் கையிலதான் புடிச்சிருக்கீங்க, நான் கவனிக்கல பாருங்க.

வாரா வாரம் ஃபோன் பண்ணீங்க, சரி. இல்லைன்னு யாரு சொன்னா? என்ன பேசுவீங்க? நான் சொல்லட்டுமா? சாப்டியா, படிச்சியா, அம்மா பேச்சக் கேக்கறியா, ஃபோன அம்மாகிட்டக் குடு. அதுக்கப்புறம் நீங்களும் அவளும் போடற சத்தத்துல ஃபோனே சூடாயிடும். அந்தச் சூட்டுல தலாக்கும் ஆயிடுச்சு. குழந்தை காதுல மூணு வருஷமா அப்பான்னா அந்தச் சத்தம்தான் தம்பி.

நெர்மின் சொல்லிக் குடுத்துத்தான் ஒளிஞ்சாளா? இல்ல. நான் அங்கயே நின்னேனே. நெர்மின் தலைய வாரி, சடை போட்டு, சுத்தமா ரெடி பண்ணித்தான் கூட்டிட்டு வந்தா. வாய் நெறையப் புளி தின்ன முகத்தோட வந்தா, அது வாஸ்தவம். ஆனா கூட்டிட்டு வந்தா. புள்ள பார்த்தது உங்க பக்கத்துல நின்ன போலீஸ்காரர. போலீஸ் யாரப் பிடிக்க வருவாங்க? தப்புப் பண்ணவங்கள. நீங்க வேற, எங்க என் பொண்ணு, எங்கன்னு காத்துக்கு மேல கத்தறீங்க. அந்த நேரத்துல இந்தத் தோட்டத்துல கொஞ்சம் நிதானமா இருந்தது டேபிள் டென்னிஸ் மேசை ஒண்ணுதான். அவ அதுக்கு அடியில போனா. புத்திசாலி. என்னால முடிஞ்சிருந்தா நானும் போயிருப்பேன், இந்த இடுப்பு விடல.

அவளக் கையப் புடிச்சு இழுத்துக் குடுத்திருக்கணும்னு உங்க வக்கீல் சொன்னாரே, அவர்கிட்ட நான் பணிவா ஒண்ணு கேக்கணும். உங்களுக்குச் சந்திப்பு குடுத்த அதே சட்டம்தான், அத வலுக்கட்டாயமா நடத்தக் கூடாது, குழந்தை மனசு நோகற இடத்துல வைக்கக் கூடாதுன்னும் சொல்லுது. அந்த வரி வந்தப்ப அவரு தும்மிட்டாரு போல. பேப்பர்ல உங்க பேரு பெருசா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அப்பனப் பார்க்கற உரிமை அவளுக்கும் இருக்கில்ல? பயமில்லாம பார்க்கற உரிமை? அவளுக்குப் பதினஞ்சு வயசு ஆனாத்தான் ஜட்ஜ் ஐயா கூப்பிட்டு, யார்கூட இருக்க இஷ்டம் கண்ணுன்னு கேப்பாரு. அதுக்கு இன்னும் ஏழு வருஷம். அதுவரைக்கும் அவகிட்ட யாரு எதக் கேக்கறாங்க?

ஃபோன் அடிக்குது. வக்கீலா? மூணேகால் ஆயிடுச்சா, பரவாயில்லையே, போன வாரம் இந்த நேரம் தவறாமை இருந்திருந்தா நல்லாயிருந்திருக்கும். எடுங்க, உங்க ஃபோன், உங்க உரிமை. எழுந்துக்கவும் செய்யலாம். நான் தடுக்க மாட்டேன், எனக்கு அதிகாரமும் இல்ல.

ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லிட்டுப் போங்க. அந்த வாத்து கதை என்ன?

வாத்துதான். வா, த்து. உங்க வீட்டு டிவி மேல ஏறினது.

எனக்கு எப்படித் தெரியும்ங்கறது அப்புறம். முதல்ல ஃபோன நிறுத்துங்க, மணியடிச்சுக்கிட்டே இருந்தா கதை எப்படிக் கேக்கறது? ம்... அப்பாடா. உக்காருங்க. பெருநாளைக்கு வாங்கினதா? உயிரோடவா? ஏன், அறுத்துக் குடுன்னு கடைக்காரன்கிட்டச் சொல்றதுக்கென்ன? ஓ, நெர்மினோட அப்பா முன்னாடி உங்க வீரத்தக் காட்டணும்! மாமனாரு வேற வந்திருந்தாரா, வெளங்கிச்சு. அப்புறம்? கயிறு அவுந்துடுச்சு... பால்கனி... ஐயோ, சோத்துத் தாம்பாளத்துலயா கால வெச்சுது? மாமனார் தட்டுலயா! அவரு என்ன பண்ணாரு? பிஸ்மில்லா சொல்லிட்டுத் தட்ட நகர்த்திக்கிட்டாரா!

இருங்க இருங்க, என்னால முடியல. நீங்க எதுல இருந்தீங்க அப்ப? நீள அங்கியா, பைஜாமாவா? அரை ட்ரவுசர்ல! அரை ட்ரவுசரோட சோபா மேல ஏறி டிவிக்கு நேராப் பாய்ஞ்சிருக்கீங்க. டிவில அப்ப என்ன ஓடுச்சு? செய்தியா? அப்ப வாசிக்கறவரு தலைக்கு மேல வாத்து! அதுவும் குவாக்னுச்சா, அவரு நிறுத்தின இடத்துல எல்லாம் குவாக்கா!

ஆ! இதான். இதேதான். சிரிங்க தம்பி, நிறுத்தாதீங்க. பழைய மோட்டார் சைக்கிள் மாதிரி நாலு உதை உதைச்சு, கிளம்பிப் போயி, கடைசியில ஒரு விக்கல். அடேயப்பா, சொன்ன மாதிரியே இருக்கே. அந்த விக்கல்கூட வந்துடுச்சு.

யாரு சொன்னதுன்னா கேக்கறீங்க? சொல்றேன். மூச்சு வாங்கிக்கங்க. கர்ச்சீப் இருக்கா? இந்தாங்க.

போன வெள்ளிக்கிழமை நீங்க கதவ அறைஞ்சுட்டுப் போனீங்கல்ல. மறுநாள் காலையில யார் யார் என்ன பண்ணாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க ஸ்டேஷனுக்குப் போய் உக்காந்து புகார் குடுத்தீங்க. நெர்மின் அவ வக்கீல் வீட்டுக் கதவத் தட்டி, இந்தச் சந்திப்பே வேண்டாம், நிறுத்தச் சொல்லுங்கன்னு அழுதா. சாபிர் டேபிள் டென்னிஸ் மேசைக்கு அடியில கெடந்த ஒத்தச் செருப்ப எடுத்து, மண்ணத் தட்டி, என் மேசையில கொண்டு வந்து வெச்சான். நான் கோவம் வந்தா கத்திரிக்காய் ஊறுகாய் போடறவ. அன்னைக்குக் காலையில போட்டதுல இன்னும் அஞ்சு பாட்டில் மிச்சம் இருக்கு, போறப்ப ஒண்ணு எடுத்துட்டுப் போங்க.

பஸந்த் என்ன பண்ணா தெரியுமா? எப்பவும் போல சனிக்கிழமை காலை பொம்மலாட்ட வகுப்புக்கு வந்தா. செருப்ப வாங்கிப் போட்டுக்கிட்டா. எல்லாப் புள்ளைங்களும் போனப்புறம் சிவப்புக் குல்லா அரகோஸ் பொம்மையக் கையில மாட்டிக்கிட்டு என் மேசைகிட்ட வந்து நின்னா. அவ பேசல, பொம்மைதான் பேசுச்சு. மிஸ், நேத்து வந்தவரு இவளோட அப்பாதானான்னு இவளுக்குத் தெரியலையாம். முகம் மறந்துபோச்சாம். சிரிப்பு மட்டும்தான் ஞாபகம் இருக்காம், டிவி மேல வாத்து ஏறினப்ப சிரிச்சாரே, அது. அவரு அத மறுபடி சிரிச்சா, இவ அடையாளம் கண்டுபிடிச்சுடுவாளாம். அதுவரைக்கும் திரைக்குப் பின்னாடி இருப்பாளாம். அத நீங்க கேட்டுச் சொல்லுங்க மிஸ், ஆனா இவ சொன்னதாச் சொல்லாதீங்க.

அவ வரலைன்னு நான் எப்பத் தம்பி சொன்னேன்? யோசிச்சுப் பாருங்க, ஒரு தடவகூடச் சொல்லல. நீங்க வர்றதுக்கு அரை மணி முன்னாடியே நெர்மின் கொண்டு வந்து விட்டுட்டா. நெர்மின் இப்ப அந்தத் தையல் கூடத்துல உக்காந்து பொத்தானே தேவைப்படாத துணிக்குப் பொத்தான் தெச்சுக்கிட்டிருக்கா.

ஐயோ, சட்டுன்னு திரும்பாதீங்க! மெதுவா. முதல்ல அரகோஸ்தான் எட்டிப் பார்க்கும், அப்படித்தான் பேச்சு. அது குனிஞ்சு சலாம் வெச்சா, நீங்களும் அதுக்கே பதில் சலாம் சொல்லுங்க, அவளத் தேடாதீங்க. எந்தக் கையில மாட்டியிருக்கான்னு மட்டும் பாருங்க.

கண்ணத் துடைச்சுக்கங்க தம்பி. அவ ஒத்துக்கிட்டது சிரிப்புக்கு மட்டும்தான்.